ஃபார்மட் போடச் சம்மதிக்காதீர்கள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்தும் சகோதரி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கடையில் இருப்பது ஒரே ஒரு டெஸ்க்டாப். 2017-ல் வாங்கியது. 2022-ல் அவருடைய அக்கா மகன் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு 22.04 என்ற இலவச லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் இருந்தும் சிஸ்டம் சட்டென்று அணைந்துவிட்டது. மறுநாள் காலை போட்டால் உபுண்டு வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே திரை. பக்கத்து டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். அங்கே பார்த்தவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ரசீது எதுவும் தராமல், "ஹார்டு டிஸ்க் போயிடுச்சும்மா. ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்திடலாம். ஆனா உள்ளே இருக்கிறது எதுவும் வராது" என்று சொல்லியிருக்கிறார். இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகனும் ஃபோனில் அதையே சொன்னாராம்.

உள்ளே இருப்பவை: கடைக் கடன் கணக்கு, கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் டிசைன்கள், வாடிக்கையாளர்களின் ஆதார், பாஸ்புக், சிட்டா நகல்கள், அப்புறம் அவர் ஊக்குநராக இருக்கும் மகளிர் குழுவின் சேமிப்பு, உள்கடன் கணக்கு. "வைரஸாக இருக்குமா? இலவச மென்பொருள் போட்டதால் வந்த வினையா? குழுப் பெண்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? சம்பா காப்பீட்டுக்கு வருகிறவர்களை நாலு நாளாகத் திருப்பி அனுப்புகிறேன்" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

சிஸ்டத்தை அந்தக் கடையில் விடாமல் திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சரியான முடிவு. இப்போதைக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். யார் சொன்னாலும் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

கடைக்காரர் சொன்ன இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் உண்மையிலேயே போயிருந்தால், அதை ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றுவதில் பயனில்லை. பழுதான டிஸ்க்கில் எந்த சிஸ்டத்தைப் போட்டாலும் மறுபடி படுக்கும். டிஸ்க் நன்றாக இருந்தால், ஃபார்மட் போட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். அவர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. லினக்ஸ் பழக்கமில்லாத சர்வீஸ் கடைகளில் இந்தக் கறுப்புத் திரையைப் பார்த்ததும் கை தானாக ஃபார்மட்டுக்குப் போகிறது. அவர்களுக்கு அது அரை மணி நேர வேலை. அந்த அரை மணியில் அழியப்போவது உங்கள் பல வருட உழைப்பு, அதுவும் திரும்ப வராத வகையில்.

திரையில் வந்தது என்ன

நீங்கள் திரையைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பியதுதான் எனக்குப் பெரிய உதவி. எஸ்டிஏ2 என்ற பெயருக்குப் பக்கத்தில் "அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி" என்று ஒரு வரி, கீழே பிஸிபாக்ஸ் என்று ஒரு வரி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று நின்றுபோய்த் துடிக்கும் கர்சர். சரிதானே? எஸ்டிஏ2 என்பது உங்கள் டிஸ்க்கில் ஒரு பகுதியின் பெயர்; எஃப்எஸ்சிகே என்பது அதன் பதிவுகளைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை.

ஒரு லினக்ஸ் கணினி கிளம்புவது ஒரே பாய்ச்சலில் நடப்பதில்லை. பவர் கொடுத்ததும் மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ என்ற அடிப்படை மென்பொருள் விழித்து, மெமரியையும் டிஸ்க்கையும் பார்க்கிறது. பிறகு டிஸ்க்கிலிருந்து க்ரப் என்ற துவக்கியை எடுக்கிறது. க்ரப், லினக்ஸின் கருவான கெர்னலையும் அதோடு இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தொகுப்பையும் மெமரிக்குக் கொண்டு வருகிறது. அந்தத் தொகுப்பின் வேலை, உங்கள் கோப்புகள் இருக்கும் பெரிய பகுதியைத் திறந்து கொடுப்பது. அது திறந்த பிறகுதான் மற்ற சேவைகள் ஒவ்வொன்றாக எழுந்து, கடைசியில் கடவுச்சொல் கேட்கும் திரை வருகிறது.

உங்கள் சிஸ்டம் இதில் பெரும்பகுதியைக் கடந்து வந்துவிட்டது. க்ரப்பும் கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் எங்கிருந்து வந்தன? அதே ஹார்டு டிஸ்க்கிலிருந்துதான். அப்படியானால் டிஸ்க் செத்துப்போகவில்லை. பவர் வருகிறது, கேபிள் சரியாக இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. பெரிய பகுதியைத் திறக்கப் போகும்போது அதன் பதிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பார்த்து, அப்படியே திறந்தால் சேதம் அதிகமாகும் என்று கருதி, உங்களைக் கேட்காமல் தொடமாட்டேன் என்று நின்றிருக்கிறது. நெல் மூட்டைகள் குடோனில் இருக்கின்றன, இருப்புப் பதிவேட்டில் மட்டும் சில பக்கங்கள் கலைந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இப்போதைய நிலைமை.

உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறை, செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வேலை செய்யும். அதனால் கரண்ட் போனால் பெரும்பாலும் கடைசிச் சில விநாடிகளில் எழுதப்பட்டதுதான் தொலையும். போன வருடக் கணக்கு தொலையாது. அப்படி இருந்தும் இந்த முறை அது தானாகச் சரிசெய்துகொள்ள முடியாமல் நின்றிருக்கிறது என்பதால், டிஸ்க்கில் சில இடங்கள் பழுதாகத் தொடங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தையும் நான் ஒதுக்கவில்லை. எட்டு வருட டிஸ்க். ஆகவே நிதானமாக, வரிசை மாறாமல் செய்வோம்.

வைரஸ் கேள்விக்கு இத்தோடு பதில் கிடைத்திருக்கும். இது வைரஸ் இல்லை. இலவசம் என்பதாலும் வரவில்லை. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸும் இதே மாதிரி நிற்கலாம். உங்கள் உபுண்டு பதிப்பு பழசாகிவிட்டது என்ற கவலையும் வேண்டாம், 22.04-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 வரை உண்டு.

முதலில் கடையைத் திறங்கள்

காப்பீட்டுக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறீர்களே, அதற்கு டிஸ்க் சரியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உபுண்டுவை எதிலும் ஏற்றாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம்.

8 ஜிபிக்குக் குறையாத ஒரு பென் டிரைவ் வாங்குங்கள். தெரிந்தவர் யாரிடமாவது நன்றாக ஓடும் கணினி இருந்தால், உபுண்டுவின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருளால் அதில் எழுதச் சொல்லுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியானதையே கொடுங்கள். கிராமத்து நெட்டில் பல ஜிபி இறங்க நேரமாகும். டவுனில் நல்ல இணைப்பு உள்ள இடத்தில் செய்துகொள்வது நல்லது.

அதைச் சொருகிவிட்டு சிஸ்டத்தைப் போட்டதும் எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவுக்கான பட்டனை விட்டு விட்டுத் தட்டுங்கள். டெல், லெனோவோ, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. அசெம்பிள் செய்த பெட்டி என்றால் மதர்போர்டைப் பொறுத்து எஃப்8, எஃப்11, எஃப்12 இவற்றில் ஒன்று. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் திரையில் "ட்ரை உபுண்டு" என்பதை மட்டும் தொடுங்கள். "இன்ஸ்டால்" என்பதைத் தொடவே கூடாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

சில நிமிடங்களில் பழகிய திரை வந்துவிடும். பிரவுசர் இருக்கும், நெட் வரும், பிரிண்டரும் பெரும்பாலும் தானாகவே அடையாளம் காணப்படும். காப்பீட்டுப் பதிவு, சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் அதிலிருந்தே செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்த முறையில் டெஸ்க்டாப்பில் சேமிப்பது எல்லாம் அணைத்ததும் மறைந்துவிடும். ஒப்புகைச் சீட்டுகளை உடனே பிரிண்ட் எடுத்துவிடுங்கள், அல்லது வேறொரு பென் டிரைவில் சேமியுங்கள். இப்படிக் கடை நடத்தும் நாட்களில் ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால் அதற்கு எந்த ஆபத்தும் இல்லை. கழற்றுவதற்கு முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

நகல் எடுத்த பிறகுதான் பழுது

திரையே "எஃப்எஸ்சிகே ஓட்டு" என்று சொல்கிறதே, ஓட்டிவிடலாமே என்று தோன்றும். விவரம் தெரிந்தவர்கள்கூட உடனே அதைத்தான் செய்வார்கள், பல நேரம் சரியாகியும் விடும். ஆனால் அந்தக் கட்டளை டிஸ்க்கில் எழுதிச் சரிசெய்கிறது. டிஸ்க் உள்ளுக்குள் பழுதாகிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு எழுத்தும் இருப்பதைக் கெடுக்கலாம். கோப்புகளின் பெயர் போய், தொலைந்துபோன கோப்புகளுக்கான ஒரு பொது அடைவில் வெறும் எண்களாகக் கிடக்கும் நிலையும் வரலாம். குழுக் கணக்கு உள்ளே இருக்கும்போது அந்தத் துணிச்சல் தேவையில்லை.

உங்களுக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தும் ஒரு ஹார்டு டிஸ்க் வேண்டும். கடன் வாங்கியாவது கொண்டு வாருங்கள். கேபிளை மாட்டி, பென் டிரைவ் உபுண்டுவில் நுழைந்து, முதலில் "டிஸ்க்ஸ்" என்ற செயலியைத் திறங்கள். இடது பக்கம் உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். அது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு. அதில் இரண்டு வரிகள் போதும்: "ரீஅலொகேட்டட் செக்டர் கவுண்ட்", "கரண்ட் பெண்டிங் செக்டர் கவுண்ட்". முதலாவது, பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் இடங்களின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யம் என்றால் டிஸ்க்கை ஓரளவு நம்பலாம். இரண்டாவதில் எண் இருந்தால் நம்பக்கூடாது.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சீராக அடிக்கும் சத்தம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அணைத்துவிடுங்கள். அது மென்பொருளால் தீரும் விஷயம் இல்லை. உள்ளே திறந்து வேலை செய்யும் தரவு மீட்பு நிபுணர்களிடம்தான் போக வேண்டும், செலவும் கணிசமாக ஆகும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை என்பதால் அந்த நிலைமை இருக்காது என்றே நம்புகிறேன்.

சத்தம் இல்லை என்றால் ஃபைல்ஸ் செயலியில் டிஸ்க்கின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால், ஹோம் என்ற அடைவுக்குள் உங்கள் பெயரில் ஒரு அடைவு இருக்கும். அதை முழுதாக வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் அடைவுகளும் தெரியும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் அங்கேதான் இருக்கின்றன, அவற்றையும் விட வேண்டாம். "அனுமதி இல்லை" என்று வந்தால் கோப்பு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பென் டிரைவ் உபுண்டு உங்களை வேறு ஆளாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். சூடோ என்ற சொல்லை முன்னால் சேர்த்து நிர்வாகி உரிமையோடு நகல் எடுக்க வேண்டும். அக்கா மகனை வீடியோ காலில் வைத்துக்கொண்டால் அவர் எளிதாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார். டிஸ்க் திறக்கவே மறுத்தால், "படிக்க மட்டும், குறிப்பேட்டைத் தொடாதே" என்ற விருப்பங்களோடு மவுண்ட் செய்ய, அதாவது திறக்க வேண்டும். ஆர்ஓ, நோலோட் என்று அவரிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். ஸ்மார்ட் எண்கள் மோசமாக இருந்தால், கோப்பு கோப்பாக எடுப்பதைவிட டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் டிஸ்க்கையே அச்சு அசலாகப் படி எடுத்து, அந்தப் படியில் வேலை செய்வதுதான் பாதுகாப்பு.

நகல் முடிந்ததும் சும்மா இருக்காதீர்கள். குழுக் கணக்கு, கடன் கணக்கு, நாலைந்து பத்திரிகை டிசைன் என்று வெளி டிஸ்க்கிலிருந்து திறந்து பாருங்கள். பெயர் தெரிவது மட்டும் போதாது, உள்ளே எழுத்து வர வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு எஃப்எஸ்சிகே. பென் டிரைவை எடுத்துவிட்டு சிஸ்டத்தைப் போட்டால் அதே கறுப்புத் திரை வரும். கர்சர் இருக்கும் இடத்தில் எஃப் எஸ் சி கே என்ற நான்கு சின்ன எழுத்து, ஒரு இடைவெளி, கழித்தல் குறியோடு ஒய், ஒரு இடைவெளி, பிறகு சாய்கோடு டெவ் சாய்கோடு எஸ்டிஏ2. என்டர். ஒய் என்பது "கேட்கும் எல்லாவற்றுக்கும் ஆமாம்" என்ற பொருள். வரிகள் ஓடி நின்றதும் அதே கட்டளையை இன்னொரு முறை கொடுங்கள்; இந்த முறை சுத்தம் என்று வர வேண்டும். பிறகு எக்ஸிட் என்று அடித்தால் உபுண்டு கிளம்பும்.

அப்டேட் பாதியில் நின்றது நினைவிருக்கட்டும். கிளம்பியதும் அந்த அரைகுறை வேலையை முடித்துவிட வேண்டும். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் சூடோ டிபிகேஜி, இரண்டு கழித்தல் குறியோடு கன்ஃபிகர், பிறகு ஒரு கழித்தல் குறியோடு ஏ. இதையும் அக்கா மகன் அறிவார்.

வேறு திரை வந்தால்

எஃப்எஸ்சிகேக்குப் பிறகு "கெர்னல் பேனிக்" என்று நின்றால், அப்டேட்டில் வந்த புதிய கெர்னல் முழுமையாக அமரவில்லை என்று பொருள். உபுண்டு பழைய கெர்னலையும் வைத்திருக்கும். சிஸ்டம் போட்டதும் எஸ்கேப் பட்டனைத் தட்டி க்ரப் மெனுவை வரவழைத்து, "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதில் அடுத்ததாக இருக்கும் பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் கிளம்பிவிடும்.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிப்பதற்கு முன் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைப் பாருங்கள். எட்டு வருடப் பெட்டியில் அது தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தீர்ந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் போய்விடும், யுஇஎஃப்ஐ அமைப்புகளும் பழையபடி மாறிவிடும். டிஸ்க் நன்றாக இருந்தும் அதிலிருந்து கிளம்பத் தெரியாது. நம் பக்கம் ஒரு மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை தடவை போய் வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறிய செலவில் மாற்றிவிடலாம். எப்படியும் மாற்றிவிடுங்கள்.

விண்டோஸுக்கு மாறலாமா

அது உங்கள் உரிமை. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கைரேகைக் கருவிகளுக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பித்தான் வருகிறது. கடைக்கு அந்தக் கருவி வேண்டும் என்றால் விண்டோஸ் தேவைப்படலாம். ஆனால் இரண்டைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். 2017-ல் வாங்கிய பெட்டி அநேகமாக இதில் தேறாது. உரிமம் இல்லாத பிரதியை "ஏத்தித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அடுத்தவர்களின் ஆதாரையும் பாஸ்புக்கையும் கையாளும் கடைக்கு அது ஏற்றதல்ல என்று மறுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இருக்கிற பணத்தை ஒரு சின்ன எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க், வாங்கச் செலவழியுங்கள். அதில் புதிதாக உபுண்டு ஏற்றி, பழைய டிஸ்க்கில் எடுத்த நகலை அதற்கு மாற்றிவிட்டு, பழையதை மேல்பலகையில் தொடாமல் வையுங்கள். எஃப்எஸ்சிகேயால் சரியாகிவிட்டாலும் எட்டு வருட டிஸ்க்கை நம்பிக் குழுக் கணக்கை வைத்திருக்க நான் சம்மதிக்கமாட்டேன். சிஸ்டமும் முன்பைவிட வேகமாகக் கிளம்பும்.

இன்னொரு கடைக்குக் கொடுப்பதானால்

இதெல்லாம் உங்களால் முடியாது என்று தோன்றினால் தப்பே இல்லை, கொடுங்கள். ஆனால் கொடுக்கும்போது ரசீதில் "ஃபார்மட் செய்யக்கூடாது, டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது, நகல் மட்டும்" என்று எழுதி வாங்குங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை மாற்றினால் பழையது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவையில் குறை இருந்தால் கேட்பதற்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டு வழி கேட்கலாம். அந்த 500 ரூபாயைப் பொறுத்தவரை, போய் நிதானமாக ரசீது கேளுங்கள், கிடைக்கலாம். அதற்காக வழக்கு அளவுக்குப் போவதில் உங்கள் நேரம்தான் வீணாகும்.

இங்கே உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். வயசானவர்கள் மறுபடி மறுபடி தாளைத் தேடி அலையக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அவர்களுடைய ஆதார், பாஸ்புக் நகல்களை வைத்திருந்தீர்கள் என்று புரிகிறது. ஆனால் அந்தப் பெட்டியை நீங்கள் கடையில் விட்டிருந்தால், ஊரில் பாதிப் பேரின் அடையாள ஆவணங்களும் வங்கிக் கணக்கு எண்ணும் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போயிருக்கும். 2023-ல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த மனிதர்கள் உங்களை நம்பித்தான் தாளைக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் நகலை அழித்துவிடுவது நல்லது. அடிக்கடி வருகிறவர்களுக்கு டிஜிலாக்கரில் கணக்கு தொடங்கிக் கொடுங்கள், அல்லது அவரவர் பென் டிரைவில் போட்டு அவரவரிடமே கொடுத்துவிடுங்கள்.

யுபிஎஸ் ஏன் காப்பாற்றவில்லை

யுபிஎஸ் இருந்ததால் கரண்ட் காரணமாக இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி: "பிரிண்டரும் அதில்தான் போட்டிருக்கிறேன்." லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும்போது ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் எடுக்கும். சின்ன யுபிஎஸ்ஸால் அதைத் தாங்க முடியாது. கரண்ட் போன அந்தக் கணத்தில் பிரிண்டர் இழுத்தால் எல்லாம் சேர்ந்து அணையும். பிரிண்டரையும் ஜெராக்ஸ் இயந்திரத்தையும் சுவர் பிளக்கில் நேராக மாட்டுங்கள். யுபிஎஸ்ஸில் சிபியூ, மானிட்டர், நெட் பெட்டி மட்டும். உள்ளே இருக்கும் ஈய பேட்டரி இரண்டு மூன்று வருடங்களில் தளர்ந்துவிடும்; நீங்கள் எப்போது மாற்றினீர்கள்? வேலை எதுவும் ஓடாத ஒரு நேரத்தில், பென் டிரைவ் உபுண்டு ஓடும்போது சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடமாவது நிற்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். மழை நாளில் வானம் இருட்டிக்கொண்டு வரும்போது அப்டேட்டைத் தொடங்காதீர்கள்.

குழுப் பெண்களிடம் என்ன சொல்வது

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். "சிஸ்டம் ரிப்பேர், கணக்கு உள்ளே இருக்கிறது, எடுக்கும் வேலை நடக்கிறது" என்று நேரடியாக. நீங்கள் சொல்லாமல் வேறு வழியில் தெரிந்தால்தான் சந்தேகம் வரும். கணினியில் இருப்பது மட்டும்தான் கணக்கு என்று நினைத்து நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள். வங்கியில் குழுவின் பாஸ்புக் இருக்கிறது. தீர்மான நோட்டு இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் தனிநபர் பாஸ்புக் இருக்கும். டிஸ்க்கிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றாலும், நாலு பேர் உட்கார்ந்தால் கணக்கை மறுபடி எழுதிவிடலாம். பணம் எங்கேயும் போகவில்லை. நீங்கள் தூக்கம் கெட வேண்டிய அளவுக்கு இதில் எதுவும் இல்லை.

இனிமேல் கூட்டம் முடிந்த அன்றே கணக்கைப் பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டிவிடுங்கள். ஒரு நகல் பென் டிரைவில், குழுவின் இன்னொரு பிரதிநிதி வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று இணையத்தில், உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தாலும் போதும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம் பக்கம் ஓடும் கூரையும் போய், கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்ததைப் பார்த்தவர்தானே நீங்கள். கடையில் ஒரு நகல், அதே கடை அலமாரியில் இன்னொரு நகல் என்று வைத்தால் அது ஒரு நகல் மாதிரிதான்.

நாளை பென் டிரைவைத் தயார் செய்யுங்கள், கடையைத் திறங்கள். வெளி டிஸ்க் கிடைத்ததும் நகல் எடுங்கள். எஃப்எஸ்சிகேக்குப் போகும் முன், ஸ்மார்ட் பதிவில் பார்த்த அந்த இரண்டு எண்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே போகலாமா, டிடிரெஸ்க்யூவுக்குப் போக வேண்டுமா என்று சொல்கிறேன்.